மறுக்கா ஒருக்கா

மத்தியானம் ஒரு மணி இருக்கும். உடுமலைப்பேட்டை தாண்டி அமராவதி அணைப் பக்கம் பிரிகிற ஒரு சின்னச் சாலை. இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. ஒரு ஆள் கிடையாது, ஒரு ஆடு கிடையாது... காற்று மட்டும்.

இவ்வளவு சொன்னதும் சஹீர் சிரித்துவிட்டான்.

"ஏனுங்க்கா, பேய்க் கதைன்னா ராத்திரி பன்னெண்டு மணிக்கு ஆரம்பிக்கோணும். மத்தியானம் ஒரு மணிக்குப் பேயெல்லாம் சோறு திங்கப் போயிருக்குமுங்க."

"சோறு இல்லடா, அரிசி. பேசாமக் கேளு."

நாங்கள் நாலு பேர் இருந்தோம். சரவணம்பட்டியில் கௌதமன் குடியிருக்கிற அடுக்குமாடியின் மொட்டை மாடி. மாதம் ஒரு படம், வெள்ளைத் துணியில் போட்டுப் பார்ப்போம். அன்றைக்குப் படம் பாதியில் இருக்கும்போது மழைக்காற்று அடித்து ஊர் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. செல்போன் டார்ச்சின் மேல் தண்ணீர் பாட்டிலை வைத்து, அந்த வெளிச்சத்தைச் சுற்றி நெருக்கி உட்கார்ந்திருந்தோம். பூஜிதாவின் கண் இன்னும் சிவந்திருந்தது. படத்தில் ஒருவன் குளத்தில் மூழ்கிச் சாகிற இடத்தில் அழுதிருந்தாள்.

கௌதமன் ஒரு கல்லூரியில் சினிமா பற்றிப் பாடம் எடுக்கிறவர். அவர் பேச ஆரம்பித்தால் இருட்டுகூட நோட்ஸ் எடுக்கும். பூஜிதா அழுததைப் பார்த்துவிட்டு, பார்க்கிறவனுக்குக் குற்றமே கிடையாது என்று விளக்கிக்கொண்டிருந்தார். திரையில் சாகிறவனை நாம் போய்த் தூக்க முடியாது. அவன் நம்மைப் பார்க்கவும் முடியாது. அதனால் உலகத்திலேயே வெட்கப்படாமல் பார்க்கக்கூடிய ஒரே இடம் திரைதான்... இதுதான் அவர் சொன்னது.

அதைக் கேட்டதும்தான் எனக்கு சாய்குமார் ஞாபகம் வந்தது. இது என் கதை இல்லை. என்னோடு வேலை பார்க்கிற லாஸ்யாவின் பெரியப்பா மகனுக்கு நடந்தது. பாதியை லாஸ்யா சொன்னாள். மீதியை அவனே சொன்னான், என் முகத்தைப் பார்க்காமல்.

சாய்குமார் கல்யாண வீடியோக்காரன். இங்கே பக்கத்துத் தெருவில்தான் ஸ்டுடியோ. முன்னறையில் பாஸ்போர்ட் போட்டோ, உள்ளறையில் எடிட்டிங். நல்ல பையன்தான். ஆனால் தொழில் பழக்கத்தில் அவன் வாயில் ஒரு வார்த்தை ஒட்டிக்கொண்டிருந்தது.

"மறுக்கா ஒருக்கா."

மாலை மாற்றினால், மறுக்கா ஒருக்கா. மாமியார் ஆரத்தி எடுத்தால், மறுக்கா ஒருக்கா. தாலி கட்டுகிற இடத்தை மட்டும் விட்டுவைப்பான், மற்றதெல்லாம் இரண்டு தடவை வாங்கிவிடுவான். பெண் அழுதால் மட்டும் அவனுக்குப் போதாது, வெளிச்சத்தில் நின்று அழ வேண்டும்.

அப்படித்தான் அமராவதி அணைப் பக்கத்து ஊர் ஒன்றில் அன்புக்கரசி கல்யாணத்தை எடுத்தான். அன்புக்கரசி நர்ஸ். அவள் அம்மா பழனியாத்தாள், தேங்காய் மட்டைக் களத்தில் நார் உரித்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். யாருக்கும் எதற்கும் மாட்டேன் என்று சொல்லிப் பழகாத மனுஷி. பெண்ணை வழியனுப்புகிற நேரத்தில், முந்தானையால் அன்புக்கரசியின் முகத்தைத் துடைத்துவிட்டார். சாய்குமார் அப்போதுதான் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தான். தவறிப்போய்விட்டது.

"ஆத்தா, மறுக்கா ஒருக்காத் தொடச்சுவுடுங்க."

துடைத்தார். இந்தப் பக்கம் நிழல் விழுந்தது. மறுபடி. துடைத்தார். அன்புக்கரசியின் கண்ணீர் காய்ந்தே போய்விட்டது, அவர் காய்ந்த கன்னத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் முடித்ததும் கேமராவைப் பார்த்து, கூச்சத்தோடு, சின்னக் குரலில் கேட்பார்.

"செரியா வந்துதுங்களா கண்ணு?"

சாய்குமார் ஒரு தடவைகூடப் பதில் சொல்லவில்லை. வேண்டுமென்று இல்லை. அவன் கண் கேமராவுக்குள் இருந்தது. அடுத்த ஷாட்டுக்குப் போய்விட்டான். பந்தி முடிகிற நேரத்தில் பார்த்தால், அவனுக்கென்று ஒரு இலை போட்டு, யாரும் எடுத்துவிடாமல் பழனியாத்தாள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அவனை உட்காரவைத்த பிறகுதான் எதிரில் உட்கார்ந்து தானும் சாப்பிட்டார். இடது பக்கம் கடைவாய்ப் பல் இல்லை போல... ஒரு பக்கமாகவே மெதுவாக மென்றார்.

அந்தப் பழனியாத்தாள்தான் போன வருஷம் இறந்துபோனார்.

அன்புக்கரசி அப்போது ஓமனில் ஒரு ஆஸ்பத்திரியில் இருந்தாள். வர முடியவில்லை. வார்டில் ஆள் இல்லை, விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் சாய்குமாருக்குத்தான் போன் பண்ணினாள்.

"ணா, நீங்க போயி லைவ் போட்டுக் குடுங்ணா. அம்மா மொகத்தைப் பாத்துக்கறேன். வேற ஒண்ணும் வேண்டாங்ணா."

எழவு வீடுகளுக்கு அவன் போகிறதில்லை. இதற்குப் போனான். உதவிக்கு ஆள் கூட இல்லாமல் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு... அப்படி அவன் போன சாலைதான் நான் முதலில் சொன்ன சாலை.

போய் இறங்கினால், வீட்டு முன்னால் பச்சைத் துணிப் பந்தல். ஐஸ் பெட்டி மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. சம்பங்கி மாலை வாசம், ஊதுபத்தி வாசம், அதற்கு அடியில் ஈரத் துணி வாசம். பந்தலுக்கு வெளியே தப்பட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். குளிப்பாட்டி, புதுச் சேலை கட்டி, பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். தாடையைச் சுற்றி வெள்ளைத் துணியில் இறுக்கிக் கட்டு.

தப்பட்டைச் சத்தத்தில் ஒப்பாரி அன்புக்கரசிக்குக் கேட்காதே என்று, கல்யாணத்தில் மாப்பிள்ளை சட்டையில் குத்துகிற காலர் மைக்கை எடுத்துப் பழனியாத்தாளின் தோள் பக்கம், மாலைக்கு அடியில் சேலையில் குத்திவிட்டான். நல்ல யோசனை என்று அவனே தன்னைப் பாராட்டிக்கொண்டான்.

வாய்க்கரிசி போடுகிற நேரம் வந்தது. மகன் கதிரேசன் ஈர வேட்டியோடு வந்து குனிந்தான். மூடின வாய் மேல் அரிசியைப் போட்டான். உதட்டில் பட்டு, கன்னத்தில் உருண்டு, மாலைக்குள் விழுந்தது. கதிரேசன் உடைந்துபோனான். "அம்மோவ்" என்று ஒரே ஒரு சத்தம்... அவ்வளவுதான்.

சாய்குமாரின் போன் அடித்தது.

"ணா... படம் நின்னுபோச்சுங்ணா. சுத்திக்கிட்டே இருக்குது. அண்ணன் அரிசி போட்டாச்சுங்களா? நான் பாக்கலீங்ணா. நான் பாக்கவே இல்லீங்ணா..."

அவள் கேட்டது அவ்வளவுதான். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பப் போடச் சொல் என்று அவள் சொல்லவில்லை. சொன்னவன் இவன்.

"ஏனுங்க, பொண்ணு பாக்கலீங்களாமா. லைன் கட்டாயிருச்சு. மறுக்கா ஒருக்காப் போட்டுருங்க."

தப்பட்டை நின்றது. பழனியாத்தாளின் கொழுந்தனார் மாரப்பன்தான் அங்கே பெரியவர். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தம்பி... இதெல்லாம் ஒருக்காத்தானுங்க."

"தெரியுமுங்க. பொண்ணு அங்க அழுகுதுங்க."

அந்தப் பக்கத்து ஆட்கள் உங்களுக்குத் தெரியுமே. முகத்துக்கு நேரே ஒருத்தரிடம் முடியாது என்று சொல்ல வாய் வராது. எழவு வீட்டில்கூட வராது. மாரப்பன் துண்டை மறுபடி தோளில் போட்டார். பிறகு, "செரிங்க, பொண்ணுக்காவ" என்றார். அவர் குரல் பாதியிலேயே தேய்ந்துபோனது.

சாய்குமார் வேலையை ஆரம்பித்தான். "கதிரேசன், சித்த இக்கட்ட நவுந்துக்கோங்க, மொழங்கை மறைக்குதுங்க. மெதுவாப் போடுங்க. அம்மணி, நீங்க அழுகறத அங்கிருந்தே அழுகுங்க, முன்னால வராதீங்க."

வந்தார்கள், நின்றார்கள். பாதியில் நிறுத்தின பாட்டை எடுக்கிற மாதிரி ஒப்பாரியை மறுபடி எடுத்தார்கள். சுருதி சேரவில்லை. முதல் தடவை இருந்த துக்கம் ஒருத்தர் முகத்திலும் இல்லை. எல்லோரும் கேமராவைப் பார்த்தார்கள், இல்லை தரையைப் பார்த்தார்கள். கதிரேசன் அழுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, அப்படி வைத்துக்கொண்டதற்காகவே கூசிப்போய்க் குனிந்தான்.

அங்கே இருந்தவர்களில் ஒரே ஒருத்தர்தான் சொன்னதைச் சரியாகச் செய்தார்.

வாய் திறந்திருந்தது.

பெரிதாக இல்லை. குழந்தைக்கு ஊட்டும்போது, உருண்டை கிட்டே வருமுன் உதடு பிரியுமே... அந்த அளவு. அரிசி உள்ளே விழுந்தது. இந்தத் தடவை ஒரு மணிகூடக் கன்னத்தில் உருளவில்லை.

"தாடைக்கட்டு லூசாயிருக்குமுங்க்கா," என்றான் சஹீர். குரலில் சிரிப்பு இல்லை.

"நானும் அதைத்தான் சொன்னேன். இருக்கலாம்."

"அந்த வீடியோக்காரர் பார்க்கலையா?" என்று கௌதமன் கேட்டார். "அவ்வளவு பக்கத்துல நின்னுக்கிட்டு?"

பார்த்தான். கேமராவின் சின்னத் திரையில் பார்த்தான். அதுதான் விஷயம். கதிரேசன் கை அப்படியே அந்தரத்தில் நின்றது, அவன் நிமிர்ந்து கேமராவைப் பார்த்தான், முகம் வெளுத்துப்போயிருந்தது. அதையும் சாய்குமார் திரையில்தான் பார்த்தான். உள்ளங்கை அகலத் திரை. அதற்குள் இருக்கிறது எதுவும் நம்மை ஒன்றும் செய்யாது, நாமும் அதற்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. நீங்கள் சொன்னதுதான் சார். அவன் மனதில் அந்த நேரம் ஓடியது என்ன தெரியுமா?

நல்லா வந்துருச்சு.

அவ்வளவுதான் நினைத்தான். போனில் அன்புக்கரசி, "பாத்தேங்ணா... பாத்துட்டேங்ணா" என்று அழுதாள். அவனுக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

பிறகு தூக்கினார்கள். ஓடைக் கரையில் குழி வெட்டி வைத்திருந்தார்கள். மண் தள்ளுகிற வரைக்கும் எடுத்தான். ஈரச் செம்மண் வாசம். பெட்டியெல்லாம் கிடையாது, சேலையோடு, மாலையோடு. எல்லோரும் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள். இவனும் கேமராவை அப்படியே பின் சீட்டில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். அந்த ஊரில் யார் முகத்தையும் பார்க்க அவனுக்கு ஏனோ முடியவில்லை. கதிரேசன் கும்பிட்டு, "சாப்புட்டுப் போலாமுங்க" என்றான். எழவு வீட்டிலிருந்து சொல்லாமல் போக வேண்டும் என்பதை ஒரு சாக்காக வைத்துக்கொண்டு காரை எடுத்தான்.

அதே சாலை. மூன்று மணி வெயில். வெகுதூரம் வந்த பிறகு ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினான். தண்ணீர் குடித்தான். சாமான்களைப் பையில் அடுக்கலாம் என்று பின் கதவைத் திறந்தான்.

கேமரா மேல் அந்த மைக்கின் ரிசீவர் மாட்டியிருந்தது. தீப்பெட்டி அளவுதான் இருக்கும். அணைக்க மறந்திருந்தான். அதில் ஒரு பச்சைக் கோடு ஓடும். மைக்கில் சத்தம் வந்தால் கோடு எழும், இல்லாவிட்டால் படுத்துக்கிடக்கும்.

கோடு எழுந்து எழுந்து படுத்தது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மைக் எங்கே? பையில் இல்லை. பாக்கெட்டில் இல்லை. சீட்டுக்கடியில் இல்லை... மாலைக்கு அடியில், சேலையில் குத்தினது. எடுக்கவே இல்லை.

அந்த மைக் கூப்பிடு தூரத்துக்குத்தான் எட்டும். நடுவில் ஒரு சுவர் வந்தாலே விட்டுவிட்டுக் கேட்கும். இவன் இருந்தது எத்தனையோ தோப்புகள் தாண்டி. மைக் இருந்தது மண்ணுக்குள்ளே.

கோடு எழுந்தது. படுத்தது. எழுந்தது.

ஹெட்ஃபோனை மாட்டாமல் போயிருக்கலாம். அதைத்தான் நான் அவனிடம் கேட்டேன். "முடியலீங்க்கா" என்றான். மாட்டினான்.

முதலில் ஒன்றுமே இல்லை. காதில் பஞ்சு அடைத்த மாதிரி ஒரு கனம். அப்புறம்...

நற.

நற... நற.

பச்சரிசி மெல்லுகிற சத்தம். நிதானமாக. ஒரு பக்கமாகவே. மென்றது நின்றது. ஒரு மிடறு... விழுங்குகிற சத்தம். பிறகு, வாய்க்குள் இன்னும் மாவு ஒட்டின மாதிரி, கூச்சத்தோடு, சின்னக் குரலில்...

"செரியா வந்துதுங்களா கண்ணு?"

மொட்டை மாடியில் பூஜிதா என் கையைப் பிடித்திருந்தாள்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், அலறிக்கொண்டு ஓடியிருப்பான் என்றா? இல்லை. காருக்குள் ஏறிக் கண்ணாடியெல்லாம் ஏற்றிக்கொண்டு, அந்த வெயிலில், ஏசி போடாமல் உட்கார்ந்திருந்தான். அவன் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"பயந்துதானுங்க்கா இருக்கோணும். பயம் பொறவுதான் வந்துச்சு. மொதல்ல வெக்கந்தானுங்க வந்துச்சு. வெக்கம்னா... இந்த ஒடம்பை எங்க கொண்டுபோயி வெக்கறதுன்னு தெரியாத வெக்கம்."

அவன் திரும்பிப் போகவில்லை. மைக் உள்ளே இருக்கிறது என்று யாரிடமும் சொல்லவும் இல்லை. எப்படிச் சொல்வது? தோண்டுங்கள் என்றா?

அன்று ராத்திரியே கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தான். இங்கேதான் எனக்கு மனசே ஆறவில்லை. லைவ்தான் நின்றதே தவிர, கேமராவுக்குள் இருந்த கார்டில் முதல் தடவை முழுக்கப் பதிவாகியிருந்தது. ஒரு நொடிகூட விடவில்லை. கதிரேசன் குனிந்தது, உதட்டில் பட்டு உருண்ட அரிசி, அந்த ஒரே "அம்மோவ்"... எல்லாம் இருந்தது. அப்படி ஒன்றை அவன் அதற்கு முன்னால் எடுத்ததே இல்லை.

"கார்டுல ஓடறது உனக்கு அப்பத் தெரியாதா?" என்று கேட்டேன்.

"தெரியுமுங்க்கா."

"அப்பறம்? சாயங்காலம் அனுப்பறேன்னு அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லியிருக்கலாமல்ல?"

மேசையில் கிடந்த ஒயரைச் சுருட்டி வைத்தான்.

"கதிரேசன் மொழங்கை மறைச்சிருந்துச்சுங்க்கா. கால்வாசி மொகம். அதுக்குத்தானுங்க."

பார்க்காத பெண்ணுக்காக என்று எல்லோரும் நினைத்தார்கள். மாரப்பன் நினைத்தார், கதிரேசன் நினைத்தான். செத்தவரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். ஒரு முழங்கைக்காக.

அடுத்த நாள் முதல் தடவையை மட்டும் வைத்து, இரண்டாவதை வெட்டிவிட்டு, அன்புக்கரசிக்கு வீடியோவை அனுப்பினான். உடனே போன் வந்தது.

"ணா, இது இல்லீங்ணா. இதுல அம்மா வாயத் தொறக்கலீங்களே. நான் லைவ்ல பாத்தது வேறீங்ணா. எனக்காகத் தொறந்தாங்கல்ல... அதை அனுப்புங்ணா."

அவளுக்கு அது பயமாகவே இல்லை. வர முடியாமல் போன மகளுக்கு அவள் அம்மா கடைசியாகச் செய்த ஒன்று. அதை வைத்துத்தான் அவள் அந்த ராத்திரியைத் தள்ளியிருக்கிறாள்.

"அது... அழிஞ்சுபோச்சும்மா," என்றான் சாய்குமார்.

அழியவில்லை. இன்னும் இருக்கிறது. அழிக்கவும் கை வரவில்லை, போட்டுப் பார்க்கவும் கை வரவில்லை.

அன்புக்கரசி திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அவள் அம்மாவின் மகள்.

"செரிங்ணா. பரவால்லீங்ணா. நீங்க இவ்வளவு தூரம் போனதே பெருசுங்ணா."

வைத்துவிடுவாள் என்று நினைத்தான். வைக்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேங்ணா. அரிசி போட்டதுக்கப்பறம் அம்மா உங்களப் பாத்து என்னமோ கேட்டாங்களே... லைவ்ல சத்தம் செரியாக் கேக்கலீங்ணா. அதுக்கு நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

சாய்குமார் போனை வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அவள் அழைப்பை அவன் எடுத்ததே இல்லை.

இந்த இடத்தில் திடீரென்று கரண்ட் வந்தது. எங்கள் பின்னால் ப்ரொஜெக்டர் உறுமிக்கொண்டு எழுந்தது, வெள்ளைத் துணியில் வெளிச்சம் விழுந்தது. நாலு பேரில் ஒருத்தரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கௌதமன் எழுந்து, துணியைப் பார்க்காமலே போய் சுவிட்சை அணைத்துவிட்டு வந்து, தன் இடத்தில் உட்காராமல் எங்களை இன்னும் ஒட்டி உட்கார்ந்தார்.

பூஜிதாதான் கேட்டாள். "பிந்துக்கா... நல்லா வந்துதுங்க ஆத்தான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா என்ன? அதோட அவங்க நிம்மதியாப் போயிருவாங்கல்ல?"

நானும் அதையேதான் அவனிடம் கேட்டேன். ஸ்டுடியோவில் வைத்து. அவன் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"நல்லா வரலீன்னு சொன்னா, அது மறுபடியும் வாயத் தொறந்துருமுங்க்கா. வந்துதுன்னு சொன்னா... மொதத் தடவையே நல்லா வந்துருச்சுங்க ஆத்தா, உங்கள நாஞ் சும்மா தொந்தரவு பண்ணிப்போட்டேன்னு சேத்துச் சொல்லோணுமுங்க. அதை எப்படீங்க்கா சொல்லறது?"

"பொய் சொல்லேன்."

"செத்தவங்ககிட்டயுங்களா?"



நான் அன்றைக்கு அங்கே போனது பாஸ்போர்ட் போட்டோ எடுக்க. போன மாதம். முன்னறையில் பிரீத்திகா என்று ஒரு பெண் போட்டோ எடுக்கிறாள், இப்போதெல்லாம் அவன் கேமராவைத் தொடுகிறதே குறைவு. கல்யாணத்துக்குப் போனாலும் எதையும் ஒரே தடவைதான் எடுக்கிறான். தவறினால் தவறினதுதான். ஆட்கள் திட்டுகிறார்கள், கேட்டுக்கொள்கிறான்.

பேசிக்கொண்டே மேசை டிராயரை இழுத்தான். உள்ளே ஒரு வெள்ளைக் கைத்துணி. அதை விரித்தான். ரிசீவர். சார்ஜ் போட்டு வருஷமாகிறது என்றான். மைக்கின் பேட்டரி அரை நாளைக்கு மேல் நிற்காது என்றான். பச்சைக் கோடு படுத்துக்கிடந்தது. ஆனால் விளக்கு எரிந்தது.

"இதுல நாம பேசறது அவங்களுக்குக் கேக்குமா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க்கா. அங்கிருந்து இங்க வரும். இங்கிருந்து அங்க போவாது. அப்படித்தான் செஞ்சிருக்கறாங்க."

கேட்க எனக்கு ஆறுதலாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், உங்கள் தத்துவமும் ஞாபகம் வந்தது சார். அங்கே இருக்கிறவர்கள் நம்மைப் பார்க்க முடியாது, நாம் சொல்வது அவர்களுக்குக் கேட்காது.

அப்போது முன்னறையில் பிரீத்திகா யாரோ ஒரு கைக்குழந்தையை உட்காரவைத்துப் போராடிக்கொண்டிருந்தாள். குழந்தை தலையைத் தொங்கப்போட்டது போல. அவள் சிரித்துக்கொண்டே சொன்னது எங்கள் அறைக்குத் தெளிவாகக் கேட்டது.

"அய்யோ, செரியா வரலீங்களே... மறுக்கா ஒருக்கா, கண்ணு!"

டிராயருக்குள் பச்சைக் கோடு எழுந்தது.

சாய்குமார் நாற்காலியை விட்டு எழுந்தான். செருப்பைக் கழற்றினான். ரிசீவரை அந்தத் துணியோடு இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, குனிந்து, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்கிற மாதிரிச் சொன்னான்.

"உங்கள இல்லீங்க ஆத்தா... உங்களச் சொல்லலீங்க."

கோடு படுக்கவில்லை. எழுந்தபடியே, ஒரு பக்கமாக, மெதுவாக... அசைந்துகொண்டே இருந்தது.